சிவப்புப் புள்ளிங்க வடக்க நகருது

ஹெட்லைட்ட அணைக்காதக்கா. எரியட்டும். தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்.

வேணாம், வண்டிய உள்ள விடாத. போன வருஷம் ஒருத்தர் பெரிய பிக்கப்பு வெச்சிருக்கோம்ங்கற தைரியத்துல இதே எடத்துல விட்டாரு. பாதில நின்னு போய், கூரை மேல ஏறி உக்காந்துட்டு விடியற வரைக்கும் தவளைங்களுக்கு பாட்டுப் பாடிட்டு இருந்தாராம். நீ வர்றப்ப இவ்ளோ இல்ல, ஆனா தெக்கத்திக் காத்து அடிச்சா இந்த ஏரி இப்படித்தான், மொத்தத் தண்ணியையும் ரோட்டு மேல தள்ளிடும். காத்து திரும்பினாத்தான் வடியும். அதுவரைக்கும் நாம எங்கயும் போக முடியாது.

சரி. சொல்றேன். கேட்டுட்டே வர்ற, சொல்லாம இருந்தா நீயா எதையாவது கற்பனை பண்ணிப்ப. பையன் விஷயம் இல்ல. லீயான் கூட சண்டையும் இல்ல. அவ பாவம், நான் கெளம்பினது கூடத் தெரியாம அவ வீட்ல தூங்கறா.

மிஸ்டர் வெண்டெல ஜெயில்ல போடப் போறாங்கக்கா. லீயானோட அப்பாவ. நம்ம அப்பா இருக்கற நேவி கப்பல் எப்ப வருதுன்னு வெளிய சொன்னது அவருதான்னு சொல்றாங்க. அவரு சொல்லல. அது என்னாலதான் வெளிய போச்சு.

கைய எடு, பரவால்ல, அழல. மொதல்ல இருந்து சொல்றேன். நீ ரிச்மண்டுல நர்சிங் படிக்கப் போனதுக்கு அப்புறம் நடந்தது இது.

போன குளிர்காலத்துல ஒரு நாள் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் அனுப்பணும். நெட் ஊருது. நம்ம பக்கம் கேபிளும் கெடையாது, செல்போன் டவரும் எட்டாது, மிஸ்டர் வெண்டெல் தண்ணி டேங்க் மேல மாட்டி வெச்சிருக்கற பெட்டிதான் எல்லாருக்கும். ஃபோன் பண்ணேன். அவரேதான் எடுப்பாரு, அவரு கம்பெனில வேற யாரு இருக்கா.

"மிஸ்டர் வெண்டெல், நெட் ரொம்ப மெதுவா இருக்கு."

"தெரியும் பாப்பா. சரியாயிடும்."

"எப்ப சரியாகும்?"

"அது சொல்றதுக்கில்ல."

"ஏன் மெதுவாச்சுன்னாவது சொல்லுங்க."

"அதுவும் சொல்றதுக்கில்ல."

எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே இதே பதில்தான். ஸ்ட்ராபெர்ரி கடைல நின்னு எல்லாரும் அவர கிழிப்பாங்க. "காசு வாங்கும்போது மட்டும் வாய் நல்லா தொறக்குது"ன்னு ஒருத்தர், "டேங்க் மேல ஏறி தூங்கறான் போல"ன்னு இன்னொருத்தர். எனக்கும் கோவம். அதனால நான் ஒரு பக்கம் ஆரம்பிச்சேன், ஆன்லைன்ல. பேரு 'மெதுவா இருக்கா?' அவ்ளோதான். ஒரு மேப், ரெண்டு பட்டன். நெட் நல்லா இருந்தா பச்சை, மெதுவா இருந்தா சிவப்பு. நீ எங்க இருந்து அழுத்தறியோ அங்க ஒரு புள்ளி விழும். எல்லாரும் சேந்து அழுத்தினா மிஸ்டர் வெண்டெலுக்கு வெக்கம் வந்து சரி பண்ணுவாருன்னு நெனைச்சேன்.

ஜனங்களுக்கு எது பிடிக்குதோ இல்லையோ, குறை சொல்ல ரொம்பப் பிடிக்கும்க்கா. லிங்க் எங்கெங்கயோ போயிடுச்சு. கீழ, தெக்க ஹாட்டரஸ் வரைக்கும் கடலோரத்துல வாடகை வீடு விடறவங்க, மீன் பிடிக்கறவங்க, எல்லாம் அழுத்த ஆரம்பிச்சாங்க. நான் பெருமையா லீயானுக்குக் கூடக் காட்டினேன். அவ அப்பாவ கிண்டல் பண்ற பக்கம்னு தெரிஞ்சும் சிரிச்சா. "எங்க அப்பாவுக்கு இத காட்டாத, அழுதுடுவாரு"ன்னா.

அப்புறம் மார்ச்ல ஒரு நாள் பாத்தேன். சிவப்புப் புள்ளிங்க ஒரே எடத்துல இல்ல. நகருது. காலைல ஹாட்டரஸ் பக்கம் சிவப்பு. மத்தியானம் அங்க பச்சையாயிடுச்சு, மேல, வடக்க கொரோலா பக்கம் சிவப்பு. சாயங்காலம் நம்ம வீடு. மறுநாள் அப்பா கப்பல்லேர்ந்து எறங்கி பைய தூக்கிட்டு வந்து நின்னாரு.

ஒரு தடவ நடந்தா தற்செயல். அதுக்கடுத்த தடவையும் அப்படியே நடந்துச்சு.

இதுல ரகசியம்னு ஒண்ணும் இல்ல, தேடிப் படிச்சா யாருக்கும் கெடைக்கும். டேங்க் மேல இருக்கற பெட்டி பேசறதும், கப்பல்ல விமானத்த எறக்கறதுக்கு வழி காட்டற ரேடார் பேசறதும் ஒரே அலைவரிசை. ரெண்டும் ஒரே நேரத்துல பேசினா ரேடாருக்கு காது கேக்காது. அதனால கடலோரமா கேக்கற கருவிங்க வெச்சிருக்காங்க. ரேடார் சத்தம் காதுல விழுந்த ஒடனே அந்தப் பக்கத்துப் பெட்டிங்க எல்லாம் விலகிக்கணும். இங்க சவ ஊர்வலம் வந்தா எதிர்ல வர்ற வண்டி கூட ஓரங்கட்டி நிக்குமே, அந்த மாதிரி. விலகின பெட்டிக்கு மிச்சம் இருக்கற கொஞ்ச எடத்துலதான் பேச முடியும், நெட் மெதுவாயிடும். கப்பல் தாண்டிப் போச்சுன்னா மறுபடி எடம் கெடைக்கும்.

இதெல்லாம் எல்லாருக்கும் சொல்லலாம். எந்த ரேடார், எப்ப, எங்க, அத மட்டும் சொல்லக் கூடாது. மிஸ்டர் வெண்டெலுக்கு 'விலகு'ன்னு செய்தி வரும், அத அவரு சேத்து வெக்கக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதான் 'சொல்றதுக்கில்ல'. ஊரே திட்டினப்பவும் அவரு அத மட்டும்தான் சொன்னாரு.

நீயும் நானும் சின்ன வயசுலேர்ந்து எத்தன தடவ கேட்டிருப்போம். கப்பல் பேர சொல்லாத, தேதிய சொல்லாத, எடத்த சொல்லாத. நான் சொல்லலியேக்கா. அந்த மேப்ல கப்பல்னு ஒரு வார்த்தை கூட இல்ல. சொல்லக் கூடாதுன்னு சொன்னதுல ஒண்ணக் கூட சொல்லல. நெட் மெதுவா இருக்குன்னு சொல்றது தப்பான்னு நெனைச்சேன்.

அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். ஆமா, அம்மாவுக்குத் தெரியும். இப்படிப் பாக்காத. அப்பா வர்றது முன்னாடியே தெரியுதுன்னு மொதல்ல அம்மாவுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? கோழிய மொத நாளே வினிகர்ல ஊறப் போட்டுடுவாங்க. அப்பாவுக்குப் பொரிக்கறதுக்கு லும்பியா ரோல் சுருட்டி ஃப்ரீசர்ல அடுக்கிடுவாங்க. கடைல கூட வேலை பாக்கற, புருஷன் அதே கப்பல்ல இருக்கற பெர்லா ஆன்ட்டி கேட்டிருக்காங்க, "மெர்லி, எங்களுக்கெல்லாம் கடைசி நிமிஷத்துலதான் தெரியுது, நீ மட்டும் எப்படி முன்னாடியே முடிய டை அடிச்சிட்டு வந்து நிக்கற?"

"எல்லாம் புருஷன் மேல இருக்கற பாசம்"ன்னாங்களாம் அம்மா.

அதுக்கப்புறம்தான் டேவ் வந்தாரு.

யாருன்னு தெரியாதுக்கா. அந்த மேப் பக்கத்துல எனக்கு மெசேஜ் போட்டாரு. பெரிய மீன தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கற ஃபோட்டோ. ஹாட்டரஸ்ல வீடு இருக்குன்னாரு. 'ரொம்ப நல்ல வேலை. புள்ளி விழுந்த நேரத்தையும் காட்டினா இன்னும் பிரயோஜனமா இருக்கும்'னாரு. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. நம்ம வேலைய யாரு பாராட்டறாங்க. ஒக்காந்து நேரத்தையும் சேத்தேன். 'அருமை. ஃப்ளோரிடா பக்கமும் சேக்க முடியுமா?'ன்னாரு. பரீட்சை முடியட்டும்னேன்.

அடுத்த தடவ கப்பல் திரும்பினப்ப, யாரோ நெட்ல ஒரு படம் போட்டுட்டாங்க. என் மேப் இல்ல, வேற மாதிரி வரைஞ்சது. கடற்கரை, அதுல ஒரு கோடு, எந்த எடத்துக்கு எந்த மணின்னு. என் நேரந்தான் அது. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு.

கப்பல்காரங்க குடும்பங்கள எல்லாம் கூட்டிட்டாங்க. ஹாலோரன் மேடம் தெரியும்ல, குடும்பங்களுக்கும் கப்பலுக்கும் நடுவுல பேசறவங்க. எப்பவும் குக்கீ எடுத்துட்டு வருவாங்க, அன்னிக்கு வெறுங்கை. "அஞ்சாயிரம் பேரு வீட்டுக்கு வர்ற வழிய எவனோ படம் போட்டு வெச்சிருக்கான்"னு ஆரம்பிச்சாங்க. பக்கத்துல ஒருத்தர், விசாரிக்க வந்தவரு, சூட்டு, சிரிக்கவே இல்ல. நெட் பெட்டிங்க விலகின நேரமும் படத்துல இருக்கற நேரமும் ஒத்துப் போகுதுன்னாரு. "உங்க ஊர்ப் பக்கம் இண்டர்நெட் யாரு குடுக்கறாங்க?"ன்னு கேட்டாரு.

அம்மா கைய தூக்கினாங்க.

"வெண்டெல் கேப்ஸ், சார். தண்ணி டேங்க் மேல பெட்டி மாட்டறவரு. என்ன கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டாரு, சார். மூடு மந்திரம்."

இன்னொரு கையால என் கைய பிடிச்சிருந்தாங்க. எலும்பு நொறுங்கற மாதிரி.

கார்ல ஏறினதும் சொன்னேன், "அம்மா, அது என்னோடதும்மா."

"தெரியும்."

"அவரு ஒண்ணும் பண்ணலம்மா."

"நான் பொய் சொன்னேனா? யாரு நெட் குடுக்கறாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"நான் போய் சொல்லிடறேன்."

"சொல்லு. சொல்லிட்டு உங்க அப்பாகிட்டயும் சொல்லு. பதினாறு வயசுப் பொண்ணு, ஒக்காந்து யோசிச்சே கண்டுபிடிச்சுதுன்னு எவன்டி நம்புவான்? உங்க அப்பா என்ன வேலை பாக்கறாரு அந்தக் கப்பல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"சொல்லுடி. என்ன வேலை?"

"ரேடார் ரிப்பேர்."

"எந்த ரேடார்?"

அதே ரேடார்தான்க்கா. அது அப்பாவோடது. கிரீஸ் போடறதுலேர்ந்து எல்லாம் அவருதான். அவருதான் வீட்ல சொல்லிட்டாருன்னு சொல்லுவாங்க. இந்த வருஷம்தான் அவருக்கு சீஃப் பதவி கெடைச்சிருக்கு. எத்தன வருஷமா லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாத்துட்டு நேரா கராஜுக்குப் போயிடுவாரு, உனக்கே தெரியும். செப்டம்பர்ல அவரு காலர்ல சீஃபுக்கான நங்கூர பின்ன குத்தணும். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். நீ ஃபோட்டோ எடுக்கணும்னு சொல்லி வெச்சிருக்காரு. அம்மா கார ஓட்டிட்டே சொன்னாங்க, "வெண்டெலுக்கு வக்கீல் இருப்பான், சொந்த ஊரு, சொந்த ஜனம். நமக்கு அந்த நங்கூரம் மட்டும்தான் இருக்கு." எறங்கினதும், "மேப்ப எடுக்காத, இப்ப எடுத்தா சந்தேகம் வரும்"ன்னாங்க. அப்புறம் அவங்களே ராத்திரி ராத்திரி பாத்ரூம்ல ஒக்காந்து அத பாக்கறாங்கக்கா. கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது. அப்பா வர்றாரான்னு பாக்கறாங்க.

மிஸ்டர் வெண்டெலோட கம்ப்யூட்டர எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெட்டிங்க அது பாட்டுக்கு வேலை செய்யுது, ஆனா பாதிப் பேரு பணம் கட்டறத நிறுத்திட்டாங்க. ஸ்ட்ராபெர்ரி கடைல இப்ப அவர யாரும் திட்டறதில்ல. அவரு வந்தா பேச்சே நின்னுடுது. அது இன்னும் மோசம். லீயான் இன்னிக்கு என்ன வந்து படுத்துக்கச் சொன்னதே, வீட்ல அவ்ளோ அமைதியா இருக்கு, பயமா இருக்குன்னுதான். வந்து அவ கட்டில்ல ஒக்காந்திருக்கேன். அவ என் முடிய பின்னி விடறா. "எங்க அப்பா அப்படி செய்வாருன்னு நீ நம்பறியா?"ன்னு கேக்கறா. இல்லன்னேன். "நீ ஒருத்திதான் அப்படி சொல்ற"ன்னா.

அவ தூங்கினதும் ஃபோன பாத்தேன். ஹாட்டரஸ் சிவப்பு.

கரை சேர்றதுக்கு மொத நாள் விமானங்க எல்லாம் கப்பல்லேர்ந்து வீட்டுக்குப் பறக்கும்ல, அதுக்கு முன்னாடியே ரேடார் ஓயாம சுத்த ஆரம்பிச்சிடும். அப்பா வந்துட்டு இருக்காரு. மேப்ல ஒவ்வொரு புள்ளியா விழுது, பக்கத்துல மணி. யாரோ ஒரு அம்மா படம் பாக்க முடியலன்னு அழுத்தறாங்க. யாரோ ஒரு பையன் விளையாட்டு நின்னு போச்சுன்னு அழுத்தறான். அவங்களுக்கு என்ன தெரியும். நான் படுத்துக்கிட்டே பாக்கறேன். டேவும் எங்கயோ பாத்துட்டு இருப்பாரு.

பொய்யா அழுத்தலாம்னு தோணுச்சு. அழுத்தினேன். மேப் என்னோடதுதானே, எங்க வேணும்னாலும் வெக்கலாம். நெட் நல்லா இருக்கற எடத்துல எல்லாம் சிவப்பு, மேல, கீழ, உள்நாட்டுல கூட. வெரல் வலிக்கற வரைக்கும். கோடு கலைஞ்சு போகட்டும்னு. கொஞ்ச நேரத்துல டேவோட மெசேஜ் வருது. 'யாரோ தவறான புள்ளிகள் வைக்கிறார்கள். தயவுசெய்து நீக்கிவிடவும். நன்றி.'

தயவுசெய்துன்னு போடறாருக்கா.

மேப்ப அழிச்சிடுன்னு சொல்லாத. நானும் அத நெனைக்காமலா இருப்பேன்? பட்டன் மேல வெரல வெச்சிட்டேன். அழிச்சா, மிஸ்டர் வெண்டெல் சொல்லலங்கறதுக்கு உலகத்துல வேற சாட்சியே இல்ல. அவரு பேச்சு, அந்த சூட்டுக்காரர் பேச்சு, அவ்ளோதான் மிஞ்சும். அழிக்கலன்னா அப்பா வர்ற வழி பட்டப் பகல் மாதிரி தெரியுது. அழிச்சா லீயானோட அப்பா போச்சு. விட்டா நம்ம அப்பா. நீ சொல்லு, எந்த பட்டன அழுத்தறது?

சரி, அந்த சூட்டுக்காரருக்கே ஃபோன் பண்ணிடுவோம்னு நெனைச்சேன். கூட்டத்துல எல்லாருக்கும் கார்டு குடுத்து, ராத்திரின்னாலும் எடுப்பேன்னு சொன்னாரே, அந்தக் கார்ட ஃபோன் கவர்லயே சொருகி வெச்சிருந்தேன். நம்பர போட்டேன். நம்ம பக்கம் ஃபோனும் நெட் வழியாத்தானே போகணும். "ஹலோ"ன்னு ஒரு சத்தம், அப்புறம் கரகரன்னு, கட்டாயிடுச்சு. மறுபடி போட்டேன். போகவே இல்ல. அப்பா கிட்ட வந்துட்டாரு, அதனால போகல.

அவங்க வீட்ல ஒயர் ஃபோன் ஒண்ணு இருக்கு. சமையல் ரூம் செவுத்துல. லைட் எரியுது. மிஸ்டர் வெண்டெல் ஒக்காந்திருக்காரு, முன்னாடி வேகவெச்ச கடலை, ஒண்ணு கூட உரிக்கல. என்ன பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு.

"என்ன பாப்பா, நெட் மெதுவா இருக்கா?"

"ஆமா, மிஸ்டர் வெண்டெல்."

"மன்னிச்சுக்கோ. காலைல சரியாயிடும்."

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. கேட்டேன். "ஏன் மெதுவா இருக்கு?"

அவரு என்னையே பாத்தாரு. பக்கத்துல வேற யாரும் இல்ல. எல்லாம் போச்சு அவருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா இனிமே என்ன கொறைஞ்சிடப் போகுது?

"அது சொல்றதுக்கில்ல பாப்பா"ன்னாரு.

ஃபோன எடுத்தேன். அந்தக் கார்டு நம்பரதான் அழுத்தப் போனேன், சத்தியமா. அவரு கடலைக் கிண்ணத்த என் பக்கம் தள்ளி விட்டாரு, சாப்பிடுன்னு. என்னால முடியல. உன் நம்பர அழுத்திட்டேன், நல்லவேளை நீ ரிச்மண்டுலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டிருந்த, டவர் இருக்கற ரோட்டுல எடுத்த. "அக்கா, வந்து கூட்டிட்டுப் போ"ன்னுட்டேன். ஓடி வந்து உன் வண்டில ஏறிட்டேன்.

இப்ப இங்க நிக்கறோம்.

என்ன யோசிக்கற? ஏதாவது சொல்லேன். திட்டவாவது திட்டு.

இரு. என்ன கேட்ட? யார் யாரு எப்ப அழுத்தினாங்கன்னு அதுல இருக்கான்னா? இருக்கு. மொத நாள்லேர்ந்து இருக்கு. ஊரு பூரா இருக்கு, அவங்கவங்க எடத்துலேர்ந்து. டேவ் மெசேஜும் இருக்கு, நேரத்த சேக்கச் சொன்னது, நான் சேத்தது, எல்லாம். ஏன்?

ஓ.

அப்போ அப்பா எதுவும் சொல்லலங்கறதும் அதுலயே இருக்கு. ஸ்ட்ராபெர்ரி கடைக்காரங்க அழுத்தினத பாத்துதானே நான் கண்டுபிடிச்சேன். அப்பா சொல்லியிருந்தா எனக்கு அந்த மேப் எதுக்கு? இல்லக்கா, அதுக்காக நம்புவாங்கன்னு சொல்லாத. நம்பாமலும் போகலாம். நங்கூரம் போகலாம். அம்மா என்கூட பேசாமலே போகலாம். தெரியும், தெரியும். ஆனா கப்பல் கரை சேர்றதுக்குள்ள அந்த சூட்டுக்காரரே மேப்ப பாத்து, அவரே மூடினா, அது அழிச்சதா ஆகாதில்ல? அவரு கையில இருக்கும்ல?

இங்க ஃபோன் எடுக்குதா பாரு உன்னோடதுல. எனக்கு சுத்திட்டே இருக்கு. உன்னோடதும் அப்படியேதானா.

தண்ணி டயருக்கு வந்துடுச்சுக்கா. வீட்டுக்குப் போற வழி இது ஒண்ணுதான், இன்னிக்கு தொறக்காது. பின்னாடி இருக்கறது லீயான் வீடு மட்டும்தான்.

எனக்கு பயமா இருக்கு. அந்த சூட்டுக்காரரப் பத்தி இல்ல. அந்தக் கடலைக் கிண்ணம். அது அங்கயே இருக்கும், என் பக்கம் தள்ளி வெச்ச மாதிரியே. அவரு முன்னாடி நின்னுதான் பேசணும், ஃபோனு அவரு தலைக்கு மேலதான் இருக்கு. மொதல்ல அவருகிட்ட சொல்லணும், அப்புறம்தான் நம்பர அழுத்தணும். அவரு கேட்டுட்டு இருக்கும்போது லீயான் எந்திரிச்சு வந்துட்டான்னா?

நீ வண்டிலயே இரு. இல்ல, வா. உள்ள வா. எதுவும் பேச வேணாம், சும்மா பக்கத்துல நில்லு.

திருப்ப எடம் இல்ல, ரெண்டு பக்கமும் பள்ளம். ரிவர்ஸ்லயே போ, மெதுவா. நான் கண்ணாடிய எறக்கிட்டு பாத்து சொல்றேன். நேரா. இன்னும் நேரா. கொஞ்சம் உன் பக்கம் ஒடி.

தெரியுது. லைட் இன்னும் எரியுதுக்கா. வா, வந்துட்டே இரு.